இரவுப் பணிக்கு நாற்பது ரூபாய்

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் தமிழாசிரியை, "படித்து முடித்து என்னவாகப் போகிறீர்கள்?" என்று கேட்டார். 46 பேரில் 11 பேர் நர்ஸ் ஆக வேண்டும் என்று கை தூக்கினோம். டாக்டருக்கு அடுத்தபடி அதிகக் கைகள் உயர்ந்தது அதற்குத்தான். ஆசிரியை மிகவும் மகிழ்ந்தார்.

இந்த ஆண்டு, பொதுத் தேர்வுக்குப் பின் எந்தப் பிரிவில் சேர்வது என்ற பேச்சு வந்தபோது, அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. இம்முறை உயர்ந்த கைகள் நான்கு. மற்ற ஏழு பேருக்கும் இரத்தத்தைக் கண்டு பயம் வந்துவிடவில்லை. உயிரியல் கசந்துவிடவும் இல்லை. அவர்களில் ஐவருடைய வீட்டில் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்றேதான்: "அந்தச் சம்பளத்துக்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைப்பது? அதிலும் ராத்திரி வேலை வேறு!"

பதினைந்து வயதுப் பெண்களுக்குச் சம்பளத்தைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று பெரியவர்கள் எண்ணலாம். இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் அந்தச் சம்பளத்தை வாங்கப்போகிறவர்கள், அல்லது அதற்குப் பயந்து வாங்காமல் விடப்போகிறவர்கள், நாங்களே. ஆகவே துணிந்து எழுதுகிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா ஜி.என்.எம். முடித்து, வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இரண்டு நாள் விடுப்பில் அவர் ஊருக்கு வந்திருந்தபோது நாங்கள் நால்வர் போய்ப் பார்த்தோம். மாலை ஐந்து மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, "வந்ததிலிருந்து தூங்குகிறாள், எழுப்ப மனம் வரவில்லை" என்றார். பிறகு எழுந்து வந்து, நாங்கள் கேட்டதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, இடைவேளையில் கணக்குப் போட்டோம்.

மாதச் சம்பளம் 12,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்துக்கொண்டு 9,500 கைக்கு வரும். அந்த மாதத்தில் அவர் பார்த்தது 18 பகல் டியூட்டி, ஒவ்வொன்றும் 8 மணி நேரம். 8 இரவு டியூட்டி, ஒவ்வொன்றும் 12 மணி நேரம். பகல் 144, இரவு 96, ஆக 240 மணி நேரம். பன்னிரண்டாயிரத்தை 240-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். கணக்கு ஆசிரியையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

"இரவுக்குத் தனியாக ஏதும் தருவார்களா, அக்கா?" என்று கேட்டோம். "தருவார்கள், ஒரு ராத்திரிக்கு நாற்பது ரூபாய். இரண்டு மணிக்கு ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் உண்டு" என்று சிரித்தார். டீயையும் வர்க்கியையும் விட்டுவிட்டு நாற்பதைப் பன்னிரண்டால் வகுத்தோம். மணிக்கு 3 ரூபாய் 33 காசு!

அந்த 3 ரூபாய் 33 காசுக்கு என்ன வேலை? வார்டில் 28 நோயாளிகள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இங்கே இரவில் 28 பேருக்கு அக்காவும் ஓர் ஆயாவும் மட்டும். பகலில் ஒரு சந்தேகம் வந்தால் மூத்த நர்ஸ் இருப்பார், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். இரவு மூன்று மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கினால், டாக்டரை எழுப்பலாமா, இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமா என்று அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். எழுப்பினால் "இதற்கா கூப்பிட்டாய்?" என்று ஒரு குரல் வரும். எழுப்பாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் அக்கா சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் இரவு டியூட்டி அதிகமாம். ஆண்டுகள் ஆக ஆக இரவுகள் குறையுமாம். அப்படியானால் குறைந்த அனுபவமும் குறைந்த சம்பளமும் உள்ளவரிடம்தான் நீண்ட இரவுகள் போய்ச் சேர்கின்றன. தொடக்கச் சம்பளம் ஒரு பிரச்சினை, இரவுப் படி வேறொரு பிரச்சினை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அக்காவின் டியூட்டி அட்டவணையைப் பார்த்தபின், இரண்டும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன என்று தெரிந்தது.

தொடக்கச் சம்பளத்தைப் பற்றியாவது நாட்டில் பேச்சு நடந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2015-ஆம் ஆண்டில் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை ஒப்பந்த முறையில் எடுத்தது. அவர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தவருக்கே அவ்வளவுதான்! அருகில் நின்று அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியருக்குக் காலமுறை ஊதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். அதன் பிறகு அந்தத் தொகை படிப்படியாக உயர்ந்தது. மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளிலோ, ஏழாவது ஊதியக் குழுவின்படி நர்சிங் அலுவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். படிப்பு ஏறக்குறைய ஒன்று, பாடப் புத்தகம் ஒன்று, நோயும் ஒன்று. சம்பளம் மட்டும் வாசலுக்கு வாசல் மாறுகிறது.

தனியார் மருத்துவமனைகளின் நிலையைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு தெளிவாகச் சொன்னது: 200 படுக்கைகளுக்கு மேலுள்ள மருத்துவமனை, மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 வரை உள்ளது பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. 50 முதல் 100 வரை உள்ளது 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. 50-க்கும் குறைந்த சிறிய மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது. நல்ல தீர்வுதான். ஆனால் அது பரிந்துரை. அதைச் சட்டமாக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. அக்காவின் 12,000 ரூபாய், அந்தப் பரிந்துரைக்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்த 12,000 ரூபாய்.

பக்கத்துக் கேரளத்தில் அதைச் சட்டமாக்க வைத்தார்கள். அங்கே 2011 முதலே நர்சுகள் சங்கம் கட்டிப் போராடினார்கள். 2017 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் நெருங்கியபோது முதலமைச்சரே அழைத்துப் பேசினார். 2018 ஏப்ரலில் வெளியான குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையில், 50 படுக்கைகள் வரை உள்ள மருத்துவமனைக்கு 20,000 ரூபாய் என்றும், படுக்கைகள் கூடக்கூட 30,000 வரை என்றும் வந்தது. மருத்துவமனைகளை மூட வேண்டியதுதான் என்று அப்போது பலர் பயமுறுத்தினார்கள். கேரளத்தில் மருத்துவமனைகள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன.

இங்கும் அங்கும் முழக்கமாக எழுந்தது மாதச் சம்பளம். அது நியாயம். பசிக்கிறவன் முதலில் சோற்றைத்தான் கேட்பான், கூட்டை அப்புறம்தான் கேட்பான். ஆனால் எங்கள் வகுப்பில் கைகள் கீழே இறங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த "ராத்திரி வேலை வேறு" என்ற சொல். அதற்கு யார் பதில் சொல்வது?

இரவில் விழித்திருப்பது வெறும் தூக்கக் கேடு என்று நாங்களும் நினைத்திருந்தோம். தேர்வு நேரத்தில் நாங்கள் விழிக்காததா? ஆனால் 2007-ஆம் ஆண்டிலேயே, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடலின் பகல் இரவு ஒழுங்கைக் குலைக்கும் பணிமுறையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் இரவுப் பணியை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. நர்சுகளைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மருத்துவமனை இரவில் பூட்டிக்கொண்டு போக முடியாது, யாராவது விழித்திருந்தே ஆக வேண்டும். விழித்திருப்பவரின் உடல் ஒரு விலை கொடுக்கிறது. மருத்துவமனை அவருக்கு என்ன விலை கொடுக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களும் கேரளப் பெண்களும் ஆண்டுதோறும் அங்கே நர்ஸ் வேலைக்குப் போவதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினமாயில்லை. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையில் 2004-இல் ஒரே ஊதிய அமைப்பு வந்தது. படிப்பு முடித்து வரும் நர்ஸ் ஐந்தாம் படியில் தொடங்குவார். 2024-25-இல் இங்கிலாந்தில் அந்தப் படியின் தொடக்கம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு. (இதை ரூபாயாக்கிப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். அங்கே வீட்டு வாடகையும் முட்டைக்கோசும் பவுண்டில்தான். அந்தச் சம்பளம் போதவில்லை என்று 2022 டிசம்பரில் அந்நாட்டு நர்சுகளே வேலைநிறுத்தம் செய்தார்கள்.) எங்களுக்குப் பிடித்தது அந்தத் தொகையன்று, அதற்கு அடுத்த வரி. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பார்க்கும் வேலைக்கும் சனிக்கிழமை வேலைக்கும், அந்த நர்சுக்கு மணிச் சம்பளத்தோடு 30 சதவீதம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம். மேட்ரனின் தயவு இதில் இல்லை. எழுதிவைத்த விதி.

நம் மத்திய அரசிலும் இரவுப் பணிப் படி என்று ஒன்று உண்டு. 2020 ஜூலையில் வந்த ஆணைப்படி, இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் பத்து நிமிடம் கூடுதலாகக் கணக்கிடுவார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளம் 43,600 ரூபாய்க்கு மேல் போனால் அந்தப் படி கிடையாது என்றது அதே ஆணை. எய்ம்ஸ் நர்சிங் அலுவலரின் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று மேலே எழுதினோம். எல்லையைவிட 1,300 ரூபாய் அதிகம்! நர்சுகளுக்கென்று வேறு ஒரு மாதப் படி அங்கே உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அது இரவு பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

இனி அக்காவின் இரவுக்கு வருவோம். அவருடைய மணிச் சம்பளம் அதே ஐம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் பத்து நிமிடக் கணக்குப்படி, 8 மணி நேரத்துக்கு 80 நிமிடம், ஏறக்குறைய 67 ரூபாய். பிரிட்டன் கணக்குப்படி மணிக்கு 15 ரூபாய் வீதம் பத்து மணி நேரத்துக்கு 150 ரூபாய். அவர் வாங்குவது 40. எட்டு இரவுகளுக்குப் பார்த்தால் 1,200 எங்கே, 320 எங்கே! சம்பளத்தைத் தொடாமலே வரும் வித்தியாசம் இது. 880 ரூபாய் என்பது அக்காவின் கல்விக் கடன் தவணையில் ஒரு நல்ல பங்கு.

இதை வகுப்பில் படித்துக்காட்டியபோது, முன்பு ஒரு கிராமத்து மருந்தகத்தில் பணியாற்றிய சிஸ்டர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "பெரிய மருத்துவமனைகளைச் சொல்கிறீர்கள், சரி. எங்களிடம் வருகிறவர்கள் இருபது ரூபாய்கூட இல்லாமல் வருவார்கள். சில மாதம் மருந்துக் கடைக்கே பாக்கி. இதில் நாங்கள் எங்கே இருபதாயிரம் கொடுப்பது?" என்றார்.

சிஸ்டர் சொன்னது உண்மை. ஏழைகளிடம் வாங்காத மருத்துவமனைக்குப் பணம் வேறு வழியில்தான் வர வேண்டும், அரசு உதவ வேண்டும். தொடக்கச் சம்பளத்தில் சிறிய மருத்துவமனைக்குச் சலுகை வேண்டும் என்பதை அந்தக் குழுவே ஒப்புக்கொண்டுதான் படுக்கைக் கணக்கு வைத்தது. ஆனால் நாங்கள் கேட்கும் இரவுப் படி ஒரு சதவீதம். சம்பளம் சிறியதானால் படியும் தானாகவே சிறியதாகும். இருக்கிற பணத்தைப் பகலுக்கும் இரவுக்கும் நியாயமாகப் பங்கிட வசதி வேண்டியதில்லை. அதோடு, அக்காவின் மருத்துவமனை மருந்தகமன்று. அதற்கு நான்கு மாடிகளும் இரண்டு லிப்டுகளும் இருக்கின்றன.

"புதிதாய் வருகிறவர்கள் கற்றுக்கொள்கிறார்கள், அதற்குச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்" என்று சொல்பவர்களும் உண்டு. கற்றுக்கொள்கிறவரை 28 பேரோடு தனியே விடுவானேன்? விட்டால் அவர் நர்ஸ்தான், மாணவியல்லள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் இருக்கிறது: "சேவை." நர்ஸ் வேலை சேவை, அதற்குக் காசு பேசலாமா என்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்தச் சொல்லுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆகவே தயங்கித்தான் எழுதுகிறோம். எங்கள் சிஸ்டர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். மனமுவந்து, யோசித்து, தாமாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய சாப்பாடும் முதுமையும் சபையின் பொறுப்பு. நர்ஸ் அக்கா அப்படி ஒரு வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தது வங்கிக்கு ஒரு கையெழுத்து. மருத்துவமனைக்கு இரண்டாண்டு பாண்டு. அதற்கு ஈடாக அவருடைய சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் இருக்கின்றன.

நர்சுகளின் விழாவில் எல்லாரும் விளக்கேற்றி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நினைக்கிறார்கள். அந்த விளக்கே இரவு டியூட்டியின் அடையாளம் என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். அந்த அம்மையார் சம்பளம் வாங்காமல் உழைத்தது மெய். அவருடைய தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்துவந்ததும் மெய். 1854-இல் கிரிமியப் போருக்கு அவர் 38 பெண்களை அழைத்துச் சென்றார். அவர்களில் கத்தோலிக்கக் கன்னியர் இருந்தார்கள், மருத்துவமனைகளில் பிழைப்புக்கு வேலை பார்த்த நர்சுகளும் இருந்தார்கள். அந்த நர்சுகளுக்கு வாரக் கூலி பேசித்தான் கூட்டிப் போனார்கள். ஒரே கூட்டத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தவரும் கூலிக்கு வந்தவரும் அடுத்தடுத்து நின்று புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். கூலி வாங்கியவர் கட்டிய கட்டு மட்டும் அவிழ்ந்துவிட்டதா என்ன?

நாங்கள் கேட்பது பெரிதொன்றும் இல்லை. வேலைக்கு எடுக்கும் தாளிலேயே இரண்டு வரிகள் வேண்டும். ஒன்று, தொடக்கச் சம்பளம் இவ்வளவு, அதில் பிடித்தம் இவ்வளவு. மற்றொன்று, இரவு மணிக்கு இத்தனை சதவீதம் கூடுதல். அரசு இவ்விரண்டையும் எல்லா மருத்துவமனைக்கும் சட்டமாக்க வேண்டும். அதுவரை பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்: மகளை நர்சிங் கல்லூரியில் சேர்க்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மட்டும் கேட்டு வராதீர்கள். என்ன சம்பளத்துக்கு, எத்தனை இரவுக்கு, இரவுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

எங்கள் தோழியும் கையை இறக்கிய ஏழு பேரில் ஒருத்தி. அக்கா ஊருக்குத் திரும்புகிற நாளில், நாங்கள் போட்ட கணக்கை அவள் தன் அப்பாவிடம் காட்டினாள். அவர் லாரி ஓட்டுகிறவர், இரவு விழிப்பது என்னவென்று அறிந்தவர். தாளை இரண்டு தரம் படித்தார். "எனக்கு ராத்திரி லோடு என்றால் பேட்டா தனி. இவளுக்கு நாற்பதா?" என்றார். பெரிய மகளைக் கூப்பிட்டு, பாண்டு முடிய இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். பதினொரு மாதம் என்றார் அக்கா. அவர் எழுந்து போய், சுவரிலிருந்த காலண்டரின் கடைசித் தாளில் அதைக் குறித்துவைத்தார். சின்ன மகளைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தில் பாடப் பிரிவுக்கான இடத்தை அவள் நிரப்பாமல் வைத்திருக்கிறாள்.